வன்னியில் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி: கையெழுத்துப் போட முன் பார்க்க வேண்டியவை

அம்மா அப்பாவுக்கு ஒரு காப்புறுதி போட்டுவிட்டால் நிம்மதி என்று வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை சொல்லும். அடுத்த கிழமை முகவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நிற்பார். அநேகமாகத் தெரிந்த பிள்ளையாகத்தான் இருக்கும். படிவமும் பேனையும் அவரிடமே இருக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் அவசரப்பட்டால் பிறகு வருடக்கணக்கில் காசு கட்டியும் ஆஸ்பத்திரியில் நிற்கும் நாளில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள். மூன்றாம் படி முடியும்வரை எந்த முகவரையும் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டாம்.

1. காசு எங்கே போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்

அரச ஆஸ்பத்திரியில் வாட்டுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்பியூலன்சும் இலவசம். அப்படியிருந்தும் குடும்பத்துக்குக் கடன் ஏறுகிறதே, அது எதனால்? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ அனுராதபுரத்துக்கோ கிளினிக் போய்வர வான் கூலி, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும், ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லாத மருந்து, கூட நிற்பவருக்குச் சாப்பாடு, அவர் இழக்கும் நாள் கூலி. காசு போகும் வழி இவைதான்.

இவற்றில் பெரும்பாலானதைச் சாதாரண மருத்துவக் காப்புறுதி தராது. கிளினிக், வெளிநோயாளர் பிரிவு, தொடர் மருந்து, பயணச் செலவு எல்லாம் பொதுவாக வெளியே நிற்கும். குறைந்தது ஒரு இரவாவது வாட்டில் தங்கினால்தான் பெரும்பாலான திட்டங்கள் வாய் திறக்கும். ஆகவே ஒரு கொப்பியில் கடந்த இரண்டு வருடச் செலவை எழுதுங்கள். வாட்டில் தங்கிய செலவு ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம். மறுபக்கம் கனமாக இருந்தால் அதைக் காப்புறுதி சுமக்காது. அதற்கு வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத்தான் வழி.

விற்பனைக்கு இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை:

மீளளிப்பு: தனியார் ஆஸ்பத்திரிப் பில்லைக் காட்டி, உச்சவரம்புக்குள் திரும்பப் பெறுவது. உடன்பாடு உள்ள ஆஸ்பத்திரி என்றால் நிறுவனமே நேரே கட்டும்.
நாட்படி: வாட்டில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் இவ்வளவு என்று தருவது. பல திட்டங்களில் அரச ஆஸ்பத்திரியில் தங்கினாலும் கிடைக்கும்.
கடும் நோய்த் தொகை: பட்டியலில் உள்ள நோய் வந்தால் ஒரே தடவையில் தருவது. பட்டியலில் நோயின் பெயர் மட்டும் இருக்காது, எந்தக் கட்டத்தில் இருந்தால் தருவார்கள் என்றும் எழுதியிருக்கும்.

எது வருத்தம் வந்தாலும் அரச ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம் என்ற குடும்பத்துக்கு மீளளிப்புத் திட்டம் வீண் செலவு. நாட்படி வகை பொருந்தும், கட்டுப்பணமும் (காப்புறுதிக்குத் தவணையாகக் கட்டும் காசு) குறைவு. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடியவர்கள் உடன்பாடு உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலை மாவட்டவாரியாகக் கேளுங்கள். பட்டியல் முழுக்கக் கொழும்பாக இருந்தால், வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். மாரடைப்போடு அவ்வளவு தூரம் போக முடியுமா என்று யோசியுங்கள்.

2. ஏற்கெனவே கையில் இருப்பதைத் தேடுங்கள்

அரச ஓய்வூதியர் என்றால் முதலில் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. ஓய்வுபெற்ற திகதியைப் பொறுத்து நிபந்தனை மாறும். ஓய்வூதிய அட்டையோடு பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள், மாதாந்த ஓய்வூதியச் சீட்டில் அதற்கான கழிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை செய்யும் பிள்ளையின் நிறுவனக் குழுக் காப்புறுதியில் பெற்றோரையும் சேர்க்க இடமிருக்கலாம். இருந்தால் வெளியில் வாங்குவதைவிட மலிவு, கேள்வியும் குறைவு.

பழைய ஆயுள் காப்புறுதிப் பத்திரம் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்துப் படியுங்கள். அதோடு ஒட்டிய ஆஸ்பத்திரி நன்மை குறிப்பிட்ட வயதோடு நின்றுவிடும், ஆயுள் பகுதி மட்டும் தொடரும். ஆஸ்பத்திரி நன்மை இன்னும் இருக்கிறது என்று நம்பித்தான் பிள்ளைகள் பலர் காசு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவும். 2025 இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். வருமான வரம்பு உண்டு. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த உடனேயே கொடுங்கள், முடிந்த பிறகு ஓடித்திரிய வேண்டாம்.

3. ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கள்

இடப்பெயர்வில் பெட்டியே தொலைந்த ஊர் இது. எனவே இந்தப் படிக்குத்தான் நாள் பிடிக்கும். ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

தேவையானவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிளினிக் கொப்பி, பழைய நோய் நிர்ணய அட்டைகள், பின்னுரித்தாளரின் (நீங்கள் இல்லாவிட்டால் காசைப் பெறுபவர்) அடையாள அட்டை. முகவரி மாறியிருந்தால் விதானையாரின் வதிவிடக் கடிதமும் வேண்டும்.

முதலில் பெயரைப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து, கிளினிக் கொப்பியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே இல்லை. காசு கட்டும்போது இதை யாரும் கேட்க மாட்டார்கள், காசு கேட்கும்போதுதான் கேட்பார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து, மூலப்பிரதியை வைத்துக்கொண்டு பிரதியை விண்ணப்பத்தோடு கொடுத்துவிடுங்கள். கிளினிக் கொப்பியில் உள்ள பெயரைத் திருத்த, அடுத்த கிளினிக் நாளில் அடையாள அட்டையைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

அடுத்தது வயது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும், புதிய 12 இலக்க அட்டையின் முதல் நான்கு எண்களும் பிறந்த வருடம். 52 என்று தொடங்கினால் 1952. பிறப்புச் சான்றிதழில் 1950 என்று இருந்தால் இப்போதே சொல்லித் தீர்க்க வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இன்னொன்று: சில நிறுவனங்கள் இன்றைய வயதை எடுக்காமல் அடுத்த பிறந்தநாளில் வரும் வயதை எடுக்கும். நுழைவு வயது 65 வரை என்றால், 65 நிரம்பியவரை 66 என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் திகதி தீர்மானியுங்கள்.

எல்லாவற்றிலும் மூன்று போட்டோக்கொப்பி எடுங்கள். கொடுக்கும் அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே, எந்தத் தேவைக்கு என்றும் திகதியும் பேனையால் எழுதுங்கள். வேறொன்றுக்கு அதைப் பாவிப்பது கடினமாகும்.

4. முன்மொழிவுப் படிவம்: உண்மையை எழுதுங்கள், நீங்களே எழுதுங்கள்

நிராகரிக்கப்படும் கோரிக்கைகளுக்கு விதை போடுவது இந்தப் படிவம்தான். “சீனி வருத்தம் இருக்கா?” என்ற கேள்விக்கு முகவர் “இல்லை எண்டு போடுவம் அம்மா, இல்லாட்டிக் கட்டுப்பணம் கூடும்” என்பார். கட்டுப்பணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கோரிக்கை வந்ததும் நிறுவனம் முதலில் கேட்பது கிளினிக் கொப்பியை. அதன் முதல் பக்கத்தில் சீனி, பிறசர் எப்போது பிடிபட்டது என்று வைத்தியரின் கையெழுத்தோடு திகதி இருக்கும். அந்தத் திகதி காப்புறுதி தொடங்கிய திகதிக்கு முந்தியதாக இருந்து, படிவத்தில் “இல்லை” என்று இருந்தால், மறைத்ததாகச் சொல்லி ஒப்பந்தத்தையே செல்லாததாக்க அவர்களுக்கு உரிமை உண்டு. “முகவர்தான் போடச் சொன்னவர்” என்று அப்போது சொல்லிப் பயனில்லை, கையெழுத்து உங்களுடையது.

எழுத மறக்கக்கூடாதவை: சீனி, பிறசர், கொலஸ்ட்ரோல், ஆஸ்துமா, கண் வெண்புரை, சிறுநீரகப் பரிசோதனையில் வந்த எந்தக் குறிப்பும் (வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் அதைத் துருவிக் கேட்பார்கள்), செய்த சத்திரசிகிச்சைகள். உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் அதுவும், எந்த இடத்தில் என்பதும். யுத்தக் காயம் தொடர்பான சிகிச்சைக்குக் காசு தராமல் விடலாம். ஆனாலும் அது அறிவிக்கப்பட்டிருந்தால், அதோடு சம்பந்தமில்லாத வருத்தத்துக்குக் கேட்கும்போது மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது. தவிர, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும் எந்த ஆஸ்பத்திரிக்கும் செல் துண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், உலோகம் உள்ளே இருந்தால் ஆபத்து.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு “நான் பிறகு நிரப்புறன்” என்று கொடுத்தனுப்புவது வேண்டவே வேண்டாம். நிரப்பிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினால் கட்டணம் யார் பொறுப்பு என்று முன்பே கேளுங்கள். பரிசோதனை வைத்தார்களே என்று பயப்பட வேண்டாம், ஏற்கெனவே பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டதைப் பிறகு மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

5. விலையைக் கேட்க முன் வரம்புகளைக் கேளுங்கள்

“ஐந்து இலட்சம் வரை” என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் சின்ன எழுத்தின் வேலையைப் பார்ப்போம். (கீழே வருவது கணக்கைக் காட்டப் போட்ட தொகைகள், எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை.)

68 வயது அம்மா, தனியார் ஆஸ்பத்திரியில் 4 நாள், பில் 240,000 ரூபா. அதில் அறைக் கட்டணம் ஒரு நாளைக்கு 14,000 வீதம் 56,000. திட்டத்தில் அறை வரம்பு 8,000, ஆகவே தருவது 32,000. 24,000 உங்கள் தலையில். கையுறை, பதிவுக் கட்டணம் போன்று தர மறுப்பவை 9,000. மிஞ்சுவது 207,000. அதில் வயதானவர்களுக்கான சுய பங்கு (நீங்களே கட்ட வேண்டிய பங்கு) 20 வீதம், 41,400. நிறுவனம் தருவது 165,600. நீங்கள் கட்டுவது 74,400. ஐந்து இலட்சம் உச்சவரம்பில் அரைவாசியைக்கூடத் தொடாத பில்லுக்கே இந்த நிலை.

ஆகவே இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், வட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் போதும், வாய்ச்சொல் போதாது. அறை வரம்பு எவ்வளவு, சுய பங்கு எத்தனை வீதம்? ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை மாதம் அல்லது வருடம் காத்திருக்க வேண்டும், அல்லது எப்போதுமே இல்லையா? வெண்புரை, ஹேர்னியா, மூட்டு மாற்று இவற்றுக்குத் தனிக் காத்திருப்பும் தனி வரம்பும் உண்டா? வெண்புரைச் சத்திரசிகிச்சை அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுவது, இரவு தங்காவிட்டாலும் தருவீர்களா? எத்தனை வயது வரை புதுப்பிப்பீர்கள், 70 ஆனால் கட்டுப்பணம் எவ்வளவு?

கடைசிக் கேள்விக்கான பதிலைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்குவார்கள். பின்வாங்குவதில் தவறில்லை. 72 வயது, சீனி, பிறசர், சிறுநீரகம் மூன்றும் இருக்கிறவருக்கு இந்த மூன்றையும் விலக்கிவிட்டு மிச்சத்துக்குக் காப்புறுதி தருவார்கள். மிச்சம் என்ன இருக்கிறது? அந்தக் கட்டுப்பணத்தை மாதம் மாதம் வங்கியில் போடுவது பல வீடுகளுக்கு நல்ல தீர்மானம். முகவர் இதைச் சொல்ல மாட்டார்.

6. காசு கட்டுவது

முகவரின் கையில் காசு கொடுக்க வேண்டாம். நிறுவனத்தின் கிளையில் கட்டுங்கள், அல்லது நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கோ, அவருடைய மனைவியின் கணக்குக்கோ “இதுக்குப் போட்டா நான் உடனே மாத்திவிடுறன்” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காசோலை என்றால் நிறுவனத்தின் பெயரை எழுதிக் குறுக்குக் கோடு போடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்: காசு பெற்றோரின் கணக்குக்கு வந்து அங்கிருந்து நிறுவனத்துக்குப் போகட்டும், இடையில் சொந்தக்காரர் ஒருவர் வேண்டாம்.

கட்டிய இரண்டொரு நாளில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, காப்புறுதி இலக்கத்தைச் சொல்லி, காசு பதிவாகியதா என்று கேளுங்கள். தொலைபேசி இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து எடுங்கள், முகவரின் அட்டையில் இருந்து வேண்டாம். தவணை தவறினால் சலுகைக் காலம் உண்டு. அதுவும் தவறினால் காப்புறுதி விழுந்துவிடும், திரும்ப எழுப்பினாலும் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கலாம். நெல் விற்ற காசை நம்பும் வீடுகள், அறுவடை முடியும் மாதத்தில் வருடக் கட்டணமாகக் கட்டுவதே புத்தி.

7. பத்திரம் வந்த பிறகு 21 நாள்

ஆயுள் காப்புறுதியாக எடுத்தால், பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை போன்ற செலவைக் கழித்துக்கொண்டு காசைத் தருவார்கள். சாதாரண வருடாந்த மருத்துவக் காப்புறுதிக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது, பத்திரத்தில் தேடிப் பாருங்கள். உறையின் மேல் வந்த திகதியை எழுதி வையுங்கள். முகவர் கொண்டுவந்து தந்து பழைய திகதியில் கையெழுத்துக் கேட்டால், உண்மையான திகதியைத்தான் போட வேண்டும்.

இந்த 21 நாளில் பெயர், பிறந்த திகதி, பின்னுரித்தாளர், விலக்குப் பட்டியல் நான்கையும் படித்துப் பாருங்கள். நீங்கள் கேட்டது மருத்துவக் காப்புறுதி, வந்திருப்பது 15 வருடச் சேமிப்புத் திட்டம் என்றால் இப்போதே தெரியும். ஓய்வூதியப் பணிக்கொடை வந்த ஆசிரியர்களுக்கு “நிரந்தர வைப்பு மாதிரித்தான் சேர்” என்று சொல்லித் தலையில் கட்டுவது இதைத்தான்.

8. மோசடியின் முகங்கள்

“உங்கட பெயர் அஸ்வெசும பட்டியலில இருக்கு, முதியோருக்கு இலவசக் காப்புறுதி, பதிவுக் காசு மட்டும் அனுப்புங்கோ” என்று அழைப்பு வந்தால் அது பொய். அரசாங்கத் திட்டம் எதுவானாலும் பிரதேச செயலகமும் விதானையாரும் அறியாமல் வராது. அலைபேசிக்கு வரும் ஆறு இலக்க ஓ.ரி.பி. எண்ணை எந்த நிறுவனமும் கேட்காது, அதைச் சொன்னால் வங்கிக் கணக்கின் திறப்பைக் கொடுத்த மாதிரி.

இலவச மருத்துவ முகாம் என்று சொல்லி அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்தால் பிரஷர் பார்ப்பதற்கு வங்கிப் புத்தகம் எதற்கு என்று கேளுங்கள். “பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை எடுங்கள்” என்பதும் கவனிக்க வேண்டியது. முகவருக்குப் புதிய தரகு வரும், உங்களுக்குக் காத்திருப்புக் காலம் திரும்பத் தொடங்கும்.

நிறுவனமும் தரகரும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானவர்களா என்று அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். முகவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஊர் முதியோர் சங்கக் கூட்டத்தில் முகவரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், வேறு இரண்டு பேர் தலையைத் திருப்பினால் விளங்கிவிடும். காசு போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே வங்கிக்கும் பொலிசுக்கும் போங்கள்.

9. வாட்டில் சேர்த்த நாளிலிருந்து

நிறுவனத்துக்கு அன்றே அல்லது அடுத்த நாள் அறிவியுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிப்பது, எத்தனை நாளுக்குள் கடதாசி கொடுப்பது என்பது பத்திரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அலைபேசியில் வைத்திருங்கள்.

வீட்டுக்கு விடும்போது நோய் நிர்ணய அட்டையில் பெயர், சேர்த்த திகதி, விட்ட திகதி, பி.எச்.ரி. (வாட்டில் வைக்கும் நோயாளர் சீட்டு) இலக்கம், நோயின் பெயர் ஐந்தும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். அங்கேயே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொன்னால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் முழுநாள் வேலை. மாஞ்சோலையில் (முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியில்) சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால் இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு இலக்கம். இரண்டு அட்டையும் மாற்றிய கடிதமும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆஸ்பத்திரியில் நின்ற இரவுகளுக்கு நாட்படி வராது. மூல அட்டையைக் கேட்டால், கொடுக்க முன் இரு பக்கமும் பிரதி எடுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அது தேவை.

10. மறுத்தால்

வாய்ப்பேச்சாக மறுத்தால் ஏற்க வேண்டாம். எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) ஆணைக்குழுவுக்கோ போகலாம். ஒம்புட்ஸ்மனிடம் முறையிடக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், நிரப்பிய படிவத்தின் படங்கள், முகவரின் வட்ஸ்அப் பதில்கள், கட்டிய பற்றுச்சீட்டுகள் இவைதான் உங்கள் சாட்சி. கடிதத்தைத் தமிழில் எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோரில் தரும் துண்டை உங்கள் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.